கொள்ளும் கோலும் கொடுக்கும் கோலும்



தசலட்சணப் பருவத்தில் உத்தம சௌசம் என்னும் அறத்திற்கு ஒரு நாள் உண்டு. நெஞ்சில் படியும் பேராசை என்னும் அழுக்கைக் கழுவுதலே அதன் பொருள். இவ்வாண்டு அந்நாளில், இராயபுரத்தில் அன்பர் ஒருவர் இல்லத்தில் கூடிய சிராவக சிராவகியரிடம் நாம் கூறிய சில சொற்களை எழுத்தாக்கித் தருமாறு பலர் கேட்டனர். பேசிய பொருளைக் கேட்டால் முதலில் நகைப்பே தோன்றும். பொம்மை வாங்குவதைப் பற்றிப் பேசினோம். குழந்தைக்கு வாங்கும் பொம்மையைப் பற்றி அன்று. வளர்ந்தவர்கள் தமக்கென வாங்கிக் கண்ணாடிப் பேழையில் அடுக்கி வைக்கும் பழைய பொம்மையைப் பற்றி.

முப்பத்தைந்து ஆண்டுகள் சிறுவர் நடுவில் வாழ்ந்த ஆசிரியைக்குப் பொம்மை சிறு பொருள் அன்று. ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் நமக்குக் கற்பித்த முதற்பாடமே, குழந்தை கையால் சிந்திக்கிறது என்பதுதான். 1939-இல் மரியா மாண்டிசோரி அம்மையார் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்த காலந்தொட்டு, மரக்கட்டையும் மணிச்சரமும் பாடநூலுக்கு நிகரான கருவிகள் என்ற எண்ணம் நம் நாட்டில் பரவிற்று. மூர் மார்க்கெட் இருந்த நாளில், சம்பளம் வந்த வாரத்தில் அங்கே சென்று பழைய பொம்மைகளைப் பேரம் பேசி வாங்கி வகுப்பிற்குக் கொண்டு வருவோம். 1985-இல் அது தீக்கிரையானபோது, ஏதோ உறவினர் வீடு எரிந்ததுபோல் வருந்தினோம். அன்று நாம் வாங்கிய சக்கரம் போன தகர மோட்டாரைக் குப்பை என்றுதான் உலகம் கருதியது. இன்று அதே மோட்டாருக்கு ஆயிரக்கணக்கில் விலை கூறுகின்றனர்.

நம் வடசென்னை விளையாட்டுப் பொருளுக்குப் புதியதன்று. 1946-இல் திருவொற்றியூரில் ஒரு சிறு கொட்டகையில் கே. எம். மாம்மன் மாப்பிள்ளை குழந்தைகள் ஊதும் பலூன்களைச் செய்யத் தொடங்கினார். அதுவே பின்னர் எம்.ஆர்.எஃப். என்னும் பெரிய டயர் நிறுவனமாக வளர்ந்தது. அந்நிறுவனம் 1987-இல் அமெரிக்க நிறுவனம் ஒன்றுடன் சேர்ந்து பன்ஸ்கூல் என்னும் பொம்மைத் தொழிலைத் தொடங்கியது. அங்கே வார்த்த ஜி.ஐ. ஜோ என்னும் சிறு போர்வீரர் பொம்மைகளை, அமெரிக்கப் பதிப்பில் இல்லாத வண்ணங்கள் இருப்பதனாலேயே வெளிநாட்டுச் சேகரிப்பாளர் இன்று தேடி வாங்குகின்றனர். இங்கிலாந்தின் டிங்கி கார்களுடைய பழைய அச்சுகள் கல்கத்தாவுக்கு வந்து, அங்கே நிக்கி என்ற பெயரில் வார்த்த கார்களுக்கும் இதே நிலைதான். 2001 வரை வெளிநாட்டுப் பொம்மைகள் தாராளமாக இறக்குமதியாக வழியில்லாததால், கப்பலில் வந்த மாலுமிகள் கைமாற்றிய பொருள்களும் பர்மா பஜாரில் கிடைத்தவையுமே அந்நாளில் நம் பகுதிக்கு வந்தன. ஆகவே துறைமுகத்தைச் சுற்றிய பழைய வீடுகளின் தகரப்பெட்டிகளில் அத்தகைய பொருள் ஒன்றிரண்டு இருக்கக்கூடும் என்று சேகரிப்பாளர் தேடி வருகின்றனர்.

பழையதைப் போற்றுவது பிழையா எனில், இல்லை. பட்டினப்பாலையில் சிறுவர் உருட்டும் மூன்று காலுடைய சிறுதேர் வருகிறது. உலரும் உணவைக் கவர வந்த கோழியின்மேல் மகளிர் எறிந்த பொற்குழை அத்தேரின் வழியில் கிடந்து தடுக்கிறது என்கிறார் புலவர். தேர் உருட்டும் குழந்தைக்குப் பொன்னும் வழியில் கிடக்கும் ஒரு கல்லே. அக்காலத்துச் சிறுதேர் ஒன்று கிடைத்தால் நாமும் கண்ணில் ஒற்றிக் கொள்வோம். முன்னோர் கைத்திறனைக் காப்பது நல்ல தொண்டு. ஆயின் அத்தொண்டு எந்த இடத்தில் பற்றாக மாறுகிறது, எந்த இடத்தில் களவாக மாறுகிறது என்று அறிவதே சிராவகர் கடமை.

இனி நாமே செய்த ஒரு பிழையைக் கூறுகிறோம். குற்றத்தை மறையாது எடுத்துரைக்கும் ஆலோசனை என்னும் நெறியை நம் ஆசாரியர்கள் வகுத்திருப்பதால், கூறுவதில் நாணம் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் நம் பழைய மாணவன் ஒருவன் வந்தான். நல்ல வேலையில் இருப்பவன்; பழம் பொம்மை சேகரிப்பதில் பெருவிருப்பம் உடையவன். "டீச்சர், இந்தப் பக்கம் பழைய குடும்பங்களை உங்களுக்குத் தெரியுமே, யார் வீட்டிலாவது பழைய தகரப் பொம்மை இருக்குமா?" என்று கேட்டான். துறைமுகத்தில் வேலை பார்த்து மறைந்த ஒருவரின் மனைவி நமக்கு நெடுநாள் பழக்கம். அவ்வம்மையார் வீட்டிற்கு அவனை அழைத்துச் சென்றோம். கணவருக்கு எவனோ ஒரு கப்பற்காரன் தந்த தகர இரயிலை அவர் பெட்டியின் அடியில், பழைய புடவையில் சுற்றி வைத்திருந்தார். சாவி கொடுத்தால் ஓடும் இரயில். அதனுடைய அட்டைப்பெட்டிகூடக் கிழியாமல் இருந்தது.

அதைக் கண்டவுடன் மாணவனுடைய முகம் மலர்ந்தது. மறுகணமே அம்மலர்ச்சியை அடக்கிக்கொண்டான். அதனை நாம் கண்டோம். "பழைய தகரம் ஆயா, வண்ணம் வேற போயிருக்கு. ஐந்நூறு ரூபா தரேன்" என்றான். அவ்வம்மையார் அவனைப் பார்க்கவில்லை, நம்மைப் பார்த்தார். "டீச்சரம்மா, சரியா இருக்குமா?" என்று கேட்டார். நாம் தலையசைத்தோம்.

நான்கு மாதம் கழித்து, அந்த இரயிலை மும்பையில் உள்ள ஒருவருக்கு 22,000 ரூபாய்க்கு விற்றதாக மாணவன் மகிழ்ச்சியுடன் வந்து கூறினான். விற்கும்போது அதை என்னவென்று சொன்னாய் என்று கேட்டோம். "மிக அரிய பொருள், வண்ணம் குலையாதது, பெட்டியோடு கூடியது என்றேன் டீச்சர்" என்றான். அன்றிரவு உறக்கம் வரவில்லை.

அன்பர்களே, தத்துவார்த்த சூத்திரத்தில் உமாசுவாமி ஆசாரியர் கள்ளாமை விரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறார். களவுக்குத் தூண்டுதல், களவுப் பொருளை ஏற்றல், அரசநெறியைக் கடத்தல், அளவைகளைக் குறைத்தும் கூட்டியும் வழங்குதல், போலியை மெய்ப்பொருளாக விற்றல் என்பன அவை. இவற்றைப் பள்ளிப் பிள்ளைபோல் மனப்பாடம் செய்தவர்கள்தாம் நாம். ஆனால் அளவைக் குற்றம் என்றால் படியையும் எடைக்கல்லையும் மட்டுமே நினைத்தோம். வாங்குவதற்குப் பெரிய படி, விற்பதற்குச் சிறிய படி வைத்திருக்கும் வணிகனை மட்டுமே அக்குற்றத்திற்கு உரியவனாகக் கண்டோம். நாவும் ஓர் அளவைதான் என்று எண்ணவில்லை. ஒரே இரயிலைக் கொள்ளும்போது "பழைய தகரம்" என்று ஒரு கோலால் அளந்தான்; கொடுக்கும்போது "அரிய பொருள்" என்று வேறொரு கோலால் அளந்தான். இரண்டு கோல் வைத்திருப்பவன் கையில் படி இல்லாவிட்டால் என்ன? குற்றம் அதுவே.

அரசநெறி கடத்தலை விளக்குமிடத்தில், பூஜ்யபாத ஆசாரியர் தமது சர்வார்த்தசித்தி உரையில் ஒரு நுட்பம் காட்டுகிறார். ஒழுங்கு குலைந்த நாட்டில் பெருவிலைப் பொருளைச் சிறுவிலைக்குக் கைக்கொள்ள முயல்வதை அதன்கீழ்ச் சேர்க்கிறார். குலைந்த நாடு என்பது போர் நடக்கும் நாடு மட்டுமா? கணவனை இழந்து, பொருளின் விலை அறியாது, கேட்பதற்கு ஆளின்றி இருக்கும் ஒரு மூதாட்டியின் வீடும் காவல் இல்லாத நாடுதானே? அந்நாட்டிற்குக் காவலாக நின்றிருக்க வேண்டியவர் அவர் நம்பிய ஆசிரியை. காவலே தலையசைத்தது.

வினை மூவகையில் வந்து ஒட்டும் என்பது நம் சமயத்தின் அடிப்படை. தான் செய்தல், பிறரைச் செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல். நாம் ஒரு காசும் பெறவில்லை. எனினும் உடன்பட்டோம். "நமக்கு விலை தெரியாதே" என்று நெஞ்சு வாதாடிற்று. விலை தெரியாதது உண்மை. அவன் முகம் தெரிந்ததும் உண்மை.

இதே உடன்பாட்டு வினைதான், மிகுவிலை கொடுத்து வாங்குபவரையும் சாரும். இதைச் சற்று விளக்க வேண்டும். பழம் பொம்மைக்கு விலை எங்கிருந்து வருகிறது? செய்த கூலியிலிருந்து வரவில்லை. செய்தவர் என்றோ கூலி பெற்றுச் சென்றுவிட்டார். தகரத்தின் எடையிலிருந்தும் வரவில்லை. முழுவதும் வாங்குவோர் ஆசையிலிருந்தே வருகிறது. ஒருவர் வாய்க்கு வந்த விலையைக் கூறுகிறார். அந்த விலைக்கு எவரும் வாங்கவில்லை. ஆயினும் அதைக் காட்டி அடுத்தவர், "சந்தை விலை இதுதான்" என்கிறார். ஏலத்தில் இருவருக்கு வீம்பு பிறந்தால் விலை இருமடங்காகிறது. சில இடங்களில் விற்பவரே கையாள் வைத்து ஏற்றிவிடுவதும் உண்டு. பிறகு ஒரே ஒருவர், பொறுமையின்றி, அந்த ஏற்றிய விலையைக் கொடுத்து வாங்கிவிட்டால், அதுவரை பொய்யாக இருந்த விலை அன்று முதல் மெய்யாகிவிடுகிறது. பொய்க்கு உயிர் கொடுத்தவர் அவரே. அதன்பின் ஆசையோடு வரும் ஏழைச் சேகரிப்பாளர் ஒவ்வொருவரும் அவ்விலையைச் சுமக்கின்றனர். "என் பணம், என் விருப்பம்" என்பது சிராவகர் சொல்லத்தக்க சொல் அன்று.

கசாயங்கள் நான்கும் இச்சந்தையில் கடை விரித்திருப்பதைக் காணலாம். விற்பவரிடம் மாயை, வாங்குபவரிடம் லோபம், வாங்கியதைப் பிறருக்குக் காட்டும்போது மானம், ஏலத்தில் தோற்றால் குரோதம். இவ்வளவும் ஒரு சாண் பொம்மைக்காக! அதிலும் வியப்பு யாதெனில், குழந்தை கை படாத பொம்மைக்கே விலை மிகுதி. உறை பிரிக்காமல், பெட்டி திறக்காமல், ஒரு நாளும் தன் தொழிலைச் செய்யாமல் இருந்த பொம்மைக்கே மதிப்பு. சில வேளை உள்ளிருக்கும் வண்டியைவிட வெளியிலுள்ள அட்டைப்பெட்டிக்கே விலை கூடுதலாம். விலை கூடினால் போலி பிறக்காமல் இருக்குமா? பெட்டியைப் புதிதாக அச்சிட்டுப் பழையதுபோல் மங்கச் செய்கின்றனர். உரிந்த வண்ணத்தைப் பூசி மறைக்கின்றனர். மூன்று உடைந்த வண்டிகளின் உறுப்புகளைக் கூட்டி ஒன்றாக்குகின்றனர். உமாசுவாமி ஆசாரியர் சொன்ன ஐந்தாவது அதிசாரம் இதுவே. போலியைச் செய்தவர் ஒருவர்; போலி செய்தால் விலைபோகும் என்ற நிலையை உண்டாக்கியவர் பலர்.

விலையின் வலிமை உயிரையும் பறிக்கும் என்பதற்கு யானைத் தந்தமே சான்று. தந்தத்தில் கடைந்த சதுரங்கக் காய்களும் சிறு பொம்மைகளும் ஒரு காலத்தில் செல்வர் வீட்டு அணிகள். கத்தி எடுக்காத கைகளே அவற்றை வாங்கின. ஆயினும் அவ்விலைக்காகவே காட்டில் யானைகள் வீழ்ந்தன. 1986-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தி இந்திய யானைத் தந்த வணிகத்தையும், 1991-இல் ஆப்பிரிக்கத் தந்த வணிகத்தையும் நம் நாடு தடை செய்தது. பழைய தந்தம்தானே என்று இன்று எவரேனும் இரகசியமாக வாங்கினால், அவர் சட்டத்தைக் கடப்பதோடு, புதிய கொலைக்கும் விலை வைத்துத் தருகிறார்.

சேர்த்த பொருள் நம்மை எங்கே கொண்டு சேர்க்கும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒன்றைக் கூறலாம். 1990களின் பிற்பகுதியில் அங்கே பீனி பேபி என்னும் சிறு துணிப்பொம்மைகள்மேல் மக்களுக்கு ஒரு வெறி பிறந்தது. செய்த நிறுவனம் சில வகைகளை அவ்வப்போது நிறுத்திவிடும். நிறுத்தியவுடன் விலை ஏறும். சில டாலர் பொம்மையை நூறு மடங்கு விலைக்கு வாங்கி, பிள்ளைகளின் படிப்புக்கு உதவும் என்று பூட்டி வைத்தோர் உண்டு. 1999-இல் லாஸ் வேகாஸ் நகர நீதிமன்றத்தில், மணமுறிவு பெற்ற கணவனும் மனைவியும் தரையில் குந்தி அமர்ந்து, நீதிபதியின் ஆணைப்படி அப்பொம்மைகளை ஒவ்வொன்றாகப் பங்கிட்டுக்கொண்டனர். சில ஆண்டுகளில் அவற்றுள் பெரும்பாலானவை வாங்கிய விலைக்கும் போகவில்லை. பொம்மைகள் மாறவில்லை, ஆசை வடிந்தது, விலையும் உடன் வடிந்தது.

பொருள் வைத்திருப்பது மட்டுமே பரிக்கிரகம் அன்று, அதன்மேல் அறிவு மயங்கும் பற்றே பரிக்கிரகம் என்று நம் சூத்திரம் வரையறுப்பதன் ஆழம் இங்கே விளங்கும். நூறு பொம்மை உடையவர் பற்றின்றி இருக்கலாம். ஒரே பொம்மைக்காக உறக்கம் இழந்தவர் பெரும் பரிக்கிரகி. செப்பு என்ற சொல்லையே எண்ணுங்கள். நம் அருங்கலச்செப்பு நூலின் பெயரில் அது மும்மணிகளை வைக்கும் பேழை. குழந்தைகள் சோறாக்கி விளையாடும் சொப்பும் அச்சொல்லின் வழிவந்ததே. நற்காட்சி, நல்ஞானம், நல்லொழுக்கம் ஆகிய அருங்கலங்களை வைக்கவேண்டிய நெஞ்சாகிய செப்பில், விளையாட்டுச் சொப்பை வைத்துப் பூட்டிவிட்டால், மணிகளுக்கு இடம் ஏது?

மாணவன் கதையின் எஞ்சிய பகுதியைச் சொல்ல வேண்டும். ஓராண்டு சென்றபின் அவன் வாடிய முகத்துடன் வந்தான். பெட்டியோடு கூடிய பழைய கார் ஒன்றை 40,000 ரூபாய் கொடுத்து வாங்கியிருக்கிறான். பெட்டி அண்மையில் அச்சிட்டது என்று பின்னர் தெரிந்தது. "விஷயம் தெரிஞ்சும் என் முகத்தைப் பார்த்தே பொய் சொல்லிட்டான் டீச்சர்" என்று விற்றவனை ஏசினான். நாம் ஒன்றே கேட்டோம்: "அந்த ஆயாவிடம் நீ என்ன சொன்னாய்?" நெடுநேரம் அவன் பேசவில்லை. அவனை மட்டும் கடிந்துகொள்ள நமக்கும் தகுதி இல்லை. "நீ சொன்னாய், நான் தலையாட்டினேன். இருவரும் சேர்ந்தே போவோம்" என்றோம்.

அவ்வம்மையார் அப்போது எண்ணூரில் மகள் வீட்டிற்குக் குடிபெயர்ந்திருந்தார். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் பேருந்தில் செல்லும்போது, ஒரு நாளில் வெடித்துப் போகும் பலூன் செய்த ஊர் இது என்று நினைத்துக்கொண்டோம். மாணவன் தன் போக்குவரவுச் செலவையும், வாங்குபவரைத் தேடிய உழைப்புக்கு நியாயமான ஊதியத்தையும் கழித்துக்கொண்டு, 15,000 ரூபாயை அவர் கையில் வைத்து, விற்ற விலையையும் மறையாமல் சொன்னான். அவர் எண்ணிப் பார்க்கவில்லை. அவனைக் கடிந்தும் பேசவில்லை. நம் பக்கம் திரும்பி, "அன்னிக்கே உங்களுக்குத் தெரியுமா டீச்சரம்மா?" என்று மட்டும் கேட்டார்.

"விலை தெரியாதம்மா. ஆனா அவன் முகம் மாறினது தெரியும்" என்றோம்.

அவர் சிறிது நேரம் கடலின் பக்கம் பார்த்திருந்தார். பிறகு மகளை அழைத்து எங்களுக்கு மோர் கொண்டுவரச் சொன்னார். மன்னித்தாரா என்று நாம் கேட்கவில்லை. கேட்பதற்கு உரிமையும் இல்லை. மறுநாள் உபவாசம் இருந்து, இனி நாவாலோ தலையாலோ பிறர் வாணிகத்திற்குப் பொய்ச் சான்று கூறுவதில்லை என்று விரதம் ஏற்றோம். மாணவன் இன்றும் பொம்மை சேகரிக்கிறான். ஆனால் எண்ணிக்கைக்கு ஓர் எல்லை வகுத்துக்கொண்டான்.

இதிலிருந்து சிராவகர் கைக்கொள்ளத்தக்கவை என்று நமக்குத் தோன்றுவன சில.

முதலாவது, பொருள் வரைதல். பழம்பொருள் சேர்க்கும் விருப்பம் உடையவர், எத்தனை பொருள், ஆண்டுக்கு எவ்வளவு செலவு என்று ஜினாலயத்தில் நின்று முன்னரே வரையறை செய்துகொள்ளுக. புதிதாக ஒன்று வந்தால் பழைய ஒன்று வெளியேறுக.

இரண்டாவது, ஒரே கோல். வாங்கும்போது ஒரு பொருளைப்பற்றி எதைச் சொல்வீர்களோ, அதையே விற்கும்போதும் சொல்லுக. விலை அறியாதவரிடம் வாங்க நேர்ந்தால், அறிந்த விலையை அவருக்கு முதலில் கூறுக. அதன்பின் பேரம் பேசுவதில் குற்றம் இல்லை.

மூன்றாவது, மிகுவிலைக்கு மறுப்பு. கேட்ட விலையை நம்பாமல், உண்மையில் விற்ற விலையைக் கேட்டறிக. மிகையெனில் மறுத்துவிடுக. மறுப்பதும் ஒரு தவமே. நாம் மறுப்பதால் பிறருக்கும் விலை இறங்கும்.

நான்காவது, வந்த வழி. பொருள் எங்கிருந்து வந்தது என்று கேளாமல் வாங்கற்க. நூறாண்டு கடந்த கலைப்பொருள்களை விற்பதற்கு 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் வேண்டும். கோயில் தேரிலிருந்து பெயர்த்த மரப்பாவையைப் பொம்மை என்று பெயர் மாற்றி விற்பாரும் உளர். போலியென ஐயம் இருப்பின் அதை அடுத்தவர் தலையில் கட்டற்க. தாம் ஏமாந்ததைப் பிறர்க்கு மாற்றுவது வினையை இரட்டிப்பதாகும்.

ஐந்தாவது, குழந்தை. பழைய பொம்மைகளின் வண்ணத்தில் ஈயம் கலந்திருக்கக்கூடும். ஆதலால் அவற்றைச் சிறு குழந்தைகள் வாயில் வைக்கக் கொடுத்தல் ஆகாது. அதற்கு ஈடாக, ஒரு பழம்பொருள் வாங்கும்தோறும், அவ்விலையில் ஒரு பங்கைக் கொண்டு அருகிலுள்ள பால்வாடிக்கு நல்ல புதிய மரப்பொம்மைகள் வாங்கித் தருக. நம் நால்வகைத் தானங்களுள் கல்வித் தானத்தில் இது சேரும் என்பது ஓர் ஆசிரியையின் துணிபு.

அன்பர்களே, இக்கட்டுரையைப் படிப்போரில் பொம்மை சேர்ப்போர் மிகச் சிலரே இருப்பர். ஆனால் மனையும் பொன்னும் பழைய நாணயமும் இதே சந்தையில்தான் நிற்கின்றன. "சரியா இருக்குமா?" என்று கேட்டு நம் முகத்தைப் பார்க்கும் ஒருவர் எல்லோர் வாழ்விலும் வருவார். அன்று நம் தலை எப்பக்கம் அசைகிறது என்பதில்தான், நாம் படித்த விரதங்கள் நூலில் இருக்கின்றனவா, நம்மில் இருக்கின்றனவா என்பது தெரியும்.

அறம் வளர்க! பற்று தேய்க! எல்லா உயிரும் இன்புறுக!